எல். சுப்பிரமணியம்

எல். சுப்பிரமணியம் (லட்சுமிநாராயண சுப்பிரமணியம், பிறப்பு: ஜூலை 23, 1947) கர்நாடக இசை வயலின் கலைஞர், ஃப்யூஷன் இசையின் முன்னோடிகளில் ஒருவர், திரைப்பட இசையமைப்பாளர். மேற்கத்திய சிம்பொனி இசைக்குழுக்களுக்கும் ஆக்கங்கள் எழுதியிருக்கிறார். சென்னையில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, மீண்டும் சென்னைக்கு வந்து மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர். 1973-இல் அமெரிக்கா சென்ற பிறகு ஹெர்பி ஹேன்காக், லாரி கோரியல், ஸ்டான்லி கிளார்க், ஜோ சாம்பிள், ஸ்டெஃபான் கிராப்பெல்லி போன்ற ஜாஸ் கலைஞர்களோடு இணைந்து வாசித்தார். மீரா நாயர் இயக்கிய ‘சலாம் பாம்பே’ (1988), ‘மிஸ்ஸிஸிப்பி மசாலா’ (1991) ஆகிய படங்களுக்கு இசையமைத்தார்.

பிறப்பு, யாழ்ப்பாணம்

சுப்பிரமணியத்தின் தந்தை வி. லட்சுமிநாராயணா வயலின் கலைஞர். தாய் சீதாலட்சுமி வீணை வாசிப்பார், பாடுவார். தந்தை யாழ்ப்பாணத்தில் இசைப் பேராசிரியராகப் பணியாற்றியதால் பிள்ளைகளின் இளமைக்காலம் அங்கே கழிந்தது. ஐந்து வயது நிறையும் முன்பே சுப்பிரமணியம் தந்தையிடம் வயலின் கற்கத் தொடங்கினார். ஆறு வயதில் முதல் கச்சேரி. மூத்த சகோதரர் எல். வைத்தியநாதன், இளையவர் எல். சங்கர் இருவரும் அதே தந்தையிடம் அதே கருவியைக் கற்றவர்கள். பின்னாளில் மூன்று சகோதரர்களும் ஒரே மேடையில் மூன்று வயலின்களோடு கச்சேரி செய்திருக்கிறார்கள்.

1958-ஆம் ஆண்டு இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த இனக் கலவரத்தை அடுத்து லட்சுமிநாராயணாவின் குடும்பம் யாழ்ப்பாணத்தை விட்டு இந்தியாவுக்கு வந்தது. சுப்பிரமணியத்துக்கு அப்போது பதினோரு வயது. வேலை, வீடு, மாணவர்கள் என்று ஒரு தந்தை கட்டியிருந்த வாழ்க்கை அங்கேயே நின்றுபோனது. கையோடு வந்தது வித்தை மட்டும். இந்த இடப்பெயர்வை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் திரையிசைப் பகுதி வேறுவிதமாகப் புரியும்.

சென்னையில்

சென்னையில் குடும்பம் வந்து சேர்ந்த இசையுலகம் இலக்கணமும் படிநிலையும் கறாராக வகுக்கப்பட்ட ஒன்று. மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களின் மேடைகளில் நடுவே வாய்ப்பாட்டுக்காரர் இருப்பார். வயலின் பக்கவாத்தியம். பாடகர் ராகம் பாடினால் வயலின் அதைத் தொடர்ந்து நிழல்போல் வரவேண்டும். பிறகு தன் முறை வரும்போது சுருக்கமாக வாசிக்க வேண்டும். அந்தச் சுருக்கம் பாடகரின் நீளத்தை மிஞ்சக்கூடாது என்பது எழுதப்படாத விதி. சுவரொட்டியில் பெயர் வரும் வரிசை, சன்மானம் எல்லாம் இந்தப் படிநிலையை ஒட்டியே அமைந்தன.

சுப்பிரமணியம் இந்த முறையில்தான் தேர்ந்தார். செம்பை வைத்தியநாத பாகவதர், செம்மங்குடி சீனிவாச ஐயர், ஆலத்தூர் சீனிவாச ஐயர், கே. வி. நாராயணசாமி, எம். டி. ராமநாதன், எம். பாலமுரளிகிருஷ்ணா ஆகியோருக்கு வாசித்தார். இந்தப் பட்டியலில் உள்ளவர்கள் ஒருவர்போல் இன்னொருவர் இல்லை. எம். டி. ராமநாதன் மிக மெதுவாக, மந்திர ஸ்தாயியில் தோய்ந்து பாடுபவர். பாலமுரளி எதிர்பாராத திசையில் பாய்பவர். நேற்று ஒருவருக்கும் இன்று மற்றவருக்கும் வாசிப்பவருக்குக் காதுதான் முதல் மூலதனம். அமெரிக்காவில் முன்பின் அறியாத கலைஞர்களோடு அவரால் உடனே வாசிக்க முடிந்ததற்குப் பயிற்சிக்களம் சென்னையின் கச்சேரி மேடை என்று சொல்லலாம். 1972-இல் சென்னையில் ஆளுநரிடமிருந்து ‘வயலின் சக்கரவர்த்தி’ பட்டம் பெற்றார்.

இதே காலத்தில் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்து முடித்து மருத்துவராகப் பதிவும் செய்துகொண்டார். இசைக் குடும்பத்துப் பையனுக்கு ஒரு தொழில் கையில் இருக்கட்டும் என்ற நடுத்தர வர்க்கத்து எண்ணம் அந்தக் காலச் சென்னையில் மிகச் சாதாரணம். மருத்துவம் முழுநேரத் தொழிலாகவில்லை. ‘டாக்டர்’ என்ற முன்னொட்டு மட்டும் பெயரோடு தங்கிவிட்டது.

தனி வாத்தியமாக வயலின்

வயலினை உலக மேடையில் தனி வாத்தியமாக நிறுத்த வேண்டும் என்பது லட்சுமிநாராயணாவின் வாழ்நாள் கனவு. பிள்ளைகளுக்கு அவர் கொடுத்த பயிற்சி அந்த நோக்கில் அமைந்தது. இதைச் சொல்லும்போது ஒரு திருத்தமும் தேவை. சுப்பிரமணியம்தான் கர்நாடக வயலினை முதன்முதலில் பக்கவாத்தியத்திலிருந்து விடுவித்தார் என்பதுபோல் சில பாராட்டுரைகள் சொல்கின்றன. அது சரியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் இந்தக் கருவியைக் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதைக் கைக்கொண்டார். இருபதாம் நூற்றாண்டில் துவாரம் வேங்கடசுவாமி நாயுடு தனிக் கச்சேரிகளால் புகழ்பெற்றார், மைசூர் டி. சௌடையா தன் ஒலி அரங்கின் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும் என்று ஏழு தந்தி வயலினை வாசித்தார். துவாரம் 1941-இலும் சௌடையா 1957-இலும் மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார்கள். லால்குடி ஜெயராமன், டி. என். கிருஷ்ணன், எம். எஸ். கோபாலகிருஷ்ணன் ஆகிய மூவரும் தனி வாத்தியக் கச்சேரியைப் பரவலாக்கினார்கள்.

சுப்பிரமணியம் சேர்த்தது வேறு. இந்த மூவரின் வயலினும் பெரும்பாலும் ‘பாடும்’ வயலின். சாகித்தியத்தின் சொல் வில்லில் கேட்க வேண்டும் என்பது அதன் இலட்சியம். சுப்பிரமணியத்தின் வாசிப்பில் வயலின் தன்னைக் கருவியாகவே காட்டிக்கொள்ளத் தயங்குவதில்லை. மூன்று ஸ்தாயிகளைத் தாண்டும் வேகமான பிருகாக்கள், இரண்டு தந்திகளை ஒன்றாக ஒலிக்கவிடும் இரட்டைச் சுரங்கள், மேற்கத்திய வில் உத்திகள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் உட்காரும் முறையை அவர் மாற்றவில்லை. கர்நாடக வயலின் கலைஞர் தரையில் சம்மணமிட்டு, கருவியின் ஒரு முனையை மார்பில் சாய்த்து, சுருள் தலையை வலது கணுக்காலில் ஊன்றிக்கொள்கிறார். கருவியின் எடையை இடது கை தாங்க வேண்டியதில்லை. அதனால் விரல்கள் தந்தியின் மீது தடையின்றி வழுக்கிச் செல்லும். கமகம் பிறப்பது அங்கேதான். கோட்டும் டையும் அணிந்து நாற்காலிகளில் இருக்கும் சிம்பொனிக் குழுவுக்கு முன்னால் ஒரு சிறு மேடையில் அவர் சம்மணமிட்டு வாசிப்பது வெறும் அடையாளம் காட்டல் என்று நினைத்துவிடக் கூடாது. எழுந்து நின்றால் அந்த இசை வராது.

அமெரிக்கா

1973-இல் அமெரிக்கா சென்ற சுப்பிரமணியம், கலிபோர்னியாவில் உள்ள ‘கால் ஆர்ட்ஸ்’ கலைக் கல்வி நிறுவனத்தில் மேற்கத்திய இசை படித்து முதுகலைப் பட்டம் பெற்றார். 1974-இல் பண்டிட் ரவிசங்கர் அமைத்த இந்திய இசைக்குழுவில் சேர்ந்து ஐரோப்பாவிலும், பிறகு ஜார்ஜ் ஹாரிசனின் வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்திலும் வாசித்தார். ஹரிபிரசாத் சௌராசியா, சிவகுமார் சர்மா, அல்லா ரக்கா ஆகியோர் இருந்த அந்தக் குழுவில் சென்னையின் டி. வி. கோபாலகிருஷ்ணனும் இருந்தார்.

இளைய சகோதரர் சங்கரும் அமெரிக்காவில் இருந்தார். அவர் ஜான் மெக்லாஃப்லின், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு ‘சக்தி’ குழுவில் வாசித்துத் தனிப் பாதையில் சென்றார். பத்துத் தந்திகள் கொண்ட இரட்டை வயலின் ஒன்றை வடிவமைத்து, வயலின் முதல் டபுள் பேஸ் வரையிலான முழு ஒலி எல்லையையும் ஒருவரே வாசிக்கலாம் என்று காட்டினார். ஒரே ஆசிரியரிடம் கற்ற இரு சகோதரர்கள் ஒரே பத்தாண்டில் ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டார்கள்: ராகத்தை விட்டுக்கொடுக்காமல் ஜாஸ் கலைஞர்களோடு வாசிப்பது எப்படி?

ராகமும் பேஸ் கிட்டாரும்

இந்தக் கேள்வியின் கடினத்தை விளக்கினால்தான் சுப்பிரமணியத்தின் ஃப்யூஷன் பதிவுகளை மதிப்பிட முடியும்.

கர்நாடக இசையில் ஆதாரம் ஒன்றுதான். தம்புரா கச்சேரி முழுவதும் ச–ப–ச என்று ஒலிக்கிறது. பாடகரோ வயலின் கலைஞரோ எங்கே அலைந்தாலும் ஒவ்வொரு சுரத்துக்கும் அந்த அசையாத ஷட்ஜத்தை வைத்துத்தான் பொருள். ஜாஸில் ஆதாரம் நகர்கிறது. பியானோவோ கிட்டாரோ கார்டுகளை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரத் தொகுதிகளை) மாற்றிக்கொண்டே போகும். எந்தச் சுரம் இப்போது தரை என்று காதுக்குச் சொல்லும் வேலை பேஸ் கலைஞருடையது. பேஸ் கிட்டார் ஒரு சுரம் நகர்ந்தால் மேலே வாசிக்கப்படும் மெட்டு மாறாமலே அதன் நிறம் மாறிவிடும்.

கர்நாடக இசை மாணவருக்கு இது புதிதன்று. கிரக பேதம் என்பது இதுவே. சங்கராபரணத்தின் சுரங்களை அப்படியே வைத்துக்கொண்டு ரிஷபத்தை ஷட்ஜமாக எண்ணினால் கரஹரப்பிரியா கிடைக்கும். காந்தாரத்தை எண்ணினால் தோடி. மத்தியமத்தை எண்ணினால் கல்யாணி. மோகனத்தின் தைவதத்தில் நின்றால் சுத்த தன்யாசி. இந்தச் சுத்த தன்யாசியின் ஐந்து சுரங்களை அமெரிக்கக் காது ப்ளூஸின் அடிப்படை வரிசையாகக் கேட்கும். ஆனால் கச்சேரியில் கிரக பேதம் ஓர் அபூர்வ வித்தை. பாடகர் சில நிமிடங்கள் காட்டி, ரசிகர்கள் தலையாட்டியதும் வீடு திரும்பிவிடுவார். ஜாஸ் குழுவிலோ பேஸ் கலைஞர் அதை நான்கு மாத்திரைக்கு ஒருமுறை செய்துகொண்டிருப்பார். தோடியின் காந்தாரத்தை அசைத்து வாசிக்க ஒருவர் ஆயத்தமாகும் நொடியில் தரை காலடியில் நழுவிவிடும்.

வழி இரண்டு. ஒன்று, கார்டுகளை நிறுத்திவைப்பது. 1959-இல் மைல்ஸ் டேவிஸ் வெளியிட்ட ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இசைத்தட்டுக்குப் பிறகு ஜாஸ் கலைஞர்களே ஒரே சுர வரிசையில் நீண்ட நேரம் நின்று வாசிக்கப் பழகியிருந்தார்கள். பேஸ் ஒரு சுரத்தையோ ஒரு சிறு தொடரையோ திரும்பத் திரும்ப வாசிக்கும். அது ஏறக்குறைய தம்புராவின் வேலை. இந்திய இசைக் கலைஞர் நுழைவதற்குக் கதவு திறந்தது அப்படித்தான். மற்றொன்று, கார்டுகள் நகரும்போது ராகத்தின் சுரங்களுக்குள்ளேயே அவற்றை அடக்குவது. கல்யாணி, ஹரிகாம்போதி, கரஹரப்பிரியா, கீரவாணி போன்ற ராகங்களில் இதற்கு இடம் அதிகம். அசைவே உயிராக உள்ள ராகங்களில் இடம் குறைவு. ஃப்யூஷன் பதிவுகளில் சில ராகங்கள் மட்டும் அடிக்கடி வருவதன் காரணமும் இதுதான்.

தாளத்தில் இவ்வளவு சங்கடமில்லை. மிருதங்கக் கணக்கு ஜாஸ் தாளக் கலைஞர்களை உடனே ஈர்த்தது. ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தை முப்பத்திரண்டு எண்ணிக்கையாகப் பகுத்துக்கொள்ளலாம். பத்து எண்ணிக்கையுள்ள ஒரு சொற்கட்டை மூன்று முறை, இடையில் ஒவ்வோர் எண்ணிக்கை விட்டு வாசித்தால் 10+1+10+1+10 என்று சரியாக முப்பத்திரண்டில் முடிந்து, அடுத்த அடி சமத்தில் விழும். கேட்பவருக்குக் கணக்குத் தெரியவேண்டியதில்லை. எல்லாரும் ஒரே புள்ளியில் வந்து இறங்குவது எந்த ஊர்க் காதுக்கும் புரியும்.

1981-இல் வெளிவந்த ‘பிளாசம்’ இசைத்தட்டில் ஹெர்பி ஹேன்காக்கும் லாரி கோரியலும் சுப்பிரமணியத்தோடு வாசித்தார்கள். 1983-இல் ‘ஸ்பானிஷ் வேவ்’ வந்தது. 1984-இல் பிரெஞ்சு ஜாஸ் வயலின் மேதை ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு ‘கான்வர்சேஷன்ஸ்’. இரண்டு வயலின்களின் உரையாடலாக அமைந்த இந்தக் கடைசிப் பதிவு, ஃப்யூஷன் என்றால் என்ன என்று அறிய விரும்பும் மாணவர் முதலில் கேட்கவேண்டியது. கிராப்பெல்லியின் சுரங்கள் தனித்தனி மணிகளாக உருளும். சுப்பிரமணியத்தின் சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து செல்லும். கருவி ஒன்று, மொழிகள் இரண்டு. ஒருவர் மற்றவராக முயலாததே அந்தப் பதிவின் அழகு.

உடன் வாசித்தவர்களில் பேஸ் கலைஞர் ஸ்டான்லி கிளார்க்கைத் தனியே குறிப்பிடலாம். சிக் கொரியாவின் ‘ரிட்டர்ன் டு ஃபாரெவர்’ குழுவில் புகழ்பெற்ற கிளார்க், பின்னணியில் முழங்கும் கருவியாக இருந்த பேஸ் கிட்டாரை முன்வரிசையில் நின்று தனி வாசிப்பு செய்யும் கருவியாக்கியவர். பின்னாளில் ‘பாய்ஸ் இன் த ஹூட்’ (1991) உள்ளிட்ட படங்களுக்கு இசையமைத்தார். சுப்பிரமணியத்தின் பாதையும் இதேதான்: பக்கவாத்தியம், தனி வாத்தியம், பிறகு திரையிசை. மற்றவர் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டுத் தாங்கிப் பிடித்துப் பழகியவர்களுக்குப் படக்காட்சியைத் தாங்கிப் பிடிப்பது இயல்பாக வருகிறது போலும்.

சிம்பொனிக் குழுக்களோடு

1983-இல் வயலினுக்கும் புல்லாங்குழலுக்குமாக ஓர் இரட்டைக் கான்செர்ட்டோவை எழுதினார். புல்லாங்குழல் ஹியூபர்ட் லாஸ். 1985-இல் சுபின் மேத்தா நடத்திய நியூயார்க் ஃபில்ஹார்மானிக் குழுவோடு ‘ஃபேண்டசி ஆன் வேதிக் சாண்ட்ஸ்’ அரங்கேறியது. ‘டர்புலன்ஸ்’, ‘குளோபல் சிம்பொனி’ போன்றவை தொடர்ந்தன.

இங்கே சிக்கல் வேறு. ஜாஸ் கலைஞர் மனோதர்மத்தில் வாழ்பவர். சிம்பொனிக் கலைஞர் எதிரே உள்ள தாளில் எழுதியிருப்பதை வாசிப்பவர். கமகத்தை அந்தத் தாளில் எழுத முடியாது. எழுதினாலும் குழுவின் வயலின்கள் எல்லாம் அதை ஒன்றுபோல் வாசிக்க முடியாது. ஆகவே குழுவுக்கு அசைவில்லாத சுரங்களும் கார்டுகளும், தனி வயலினுக்கு அசைவுகளும் கற்பனைச் சுரங்களும் என்ற பங்கீடு இயல்பாகவே அமைகிறது. இது நல்ல ஏற்பாடுதான், ஆனால் விலை உண்டு. குழு ராகத்தின் எலும்புக்கூட்டை வாசிக்க, உயிர் முழுவதும் ஒருவர் விரலில் நிற்கிறது. அந்த ஒருவர் இல்லாமல் இந்த ஆக்கங்களை வேறு குழுக்கள் வழக்கமான நிகழ்ச்சிநிரலில் சேர்ப்பது கடினம்.

அதே ஆண்டுகளில் சென்னைக் கோடம்பாக்கத்தில் இதே சிக்கலுக்கு வேறொரு விடை உருவாகிக்கொண்டிருந்தது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986) தியாகராஜருக்கும் பாகுக்கும் சமர்ப்பிக்கப்பட்ட தொகுப்பு. அதில் தனி வயலின் வி. எஸ். நரசிம்மன். அங்கே குழுவின் ஒவ்வொரு குரலும் எழுதப்பட்டது, பேஸ் உட்பட. பேஸ் கிட்டாருக்கே தனி மெட்டு எழுதும் வழக்கம் இளையராஜாவின் திரைப்பாடல்களிலும் உண்டு. சுப்பிரமணியம் மேடைக் கலைஞரின் வழியில் சென்றார், இளையராஜா இசையமைப்பாளரின் வழியில் சென்றார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு உடனே தெளிவாகும்.

திரையிசை

குடும்பத்தில் திரையிசைக்கு முதலில் வந்தவர் மூத்த சகோதரர் எல். வைத்தியநாதன் (1942–2007). சென்னையில் தங்கி, தமிழிலும் கன்னடத்திலும் இசையமைத்தார். பாரதியார் பாடல்களைக் கொண்டு உருவான ‘ஏழாவது மனிதன்’ (1982), உரையாடலே இல்லாத ‘பேசும் படம்’ (1987), பாலு மகேந்திராவின் ‘சந்தியா ராகம்’, தங்கத் தாமரை விருது பெற்ற முதல் தமிழ்ப்படமான ‘மறுபக்கம்’ ஆகியவை அவருடையவை. ‘மால்குடி டேஸ்’ தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையை ஒரு தலைமுறையே முணுமுணுத்தது. அதை அமைத்தவர் பெயரைக் கேட்டால் பலரும் விழிப்பார்கள். தம்பிகள் இருவருக்கும் கிடைத்த உலகப் புகழில் நூறில் ஒரு பங்கும் அவருக்கு வரவில்லை. மூவரில் காட்சிக்கு இசை எழுதும் கலையில் ஆழமானவர் அவர்தான் என்று கருத இடமிருக்கிறது.

சுப்பிரமணியத்தின் திரைப்பணி அளவில் சிறியது. மீரா நாயரின் ‘சலாம் பாம்பே’ பம்பாயின் தெருவோரச் சிறுவர்களைப் பற்றிய படம். நடித்த சிறுவர்களில் பெரும்பாலோர் உண்மையாகவே தெருவில் வாழ்ந்தவர்கள். கேன் விழாவில் முதல் படத்துக்கான தங்கக் கேமரா விருதைப் பெற்றது; ஆஸ்கரில் வெளிநாட்டு மொழிப் படப் பிரிவின் இறுதிப் பட்டியலுக்கும் சென்றது. இத்தகைய படத்தில் இசையமைப்பாளருக்கு ஒரு பொறி உண்டு. குழந்தைகளின் துயரம், வயலின் ஏந்திய கை, அழவைப்பது எளிது. சுப்பிரமணியத்தின் வயலின் இந்தப் படத்தில் பரிதாபத்தைப் பிழியாமல் பெரும்பாலும் விலகி நிற்கிறது. நகரத்தின் இரைச்சலுக்கு நடுவே ஒரு சிறுவன் தனியாக இருக்கிறான் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. மேடையில் நொடிக்குப் பல சுரம் வாசிப்பவர் இங்கே ஒற்றைச் சுரத்தை நீட்டுவது, அவருடைய வேகத்தை மட்டும் அறிந்தவர்களுக்கு வியப்பூட்டும்.

‘மிஸ்ஸிஸிப்பி மசாலா’ அவருடைய வாழ்க்கையோடு நெருக்கமான கதை. 1972-இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களை வெளியேற்றியபோது கிளம்பிய ஓர் இந்தியக் குடும்பம், அமெரிக்காவின் மிஸ்ஸிஸிப்பி மாநிலத்தில் வந்து தங்குகிறது. மகள் ஒரு கறுப்பின இளைஞனைக் காதலிக்கிறாள். சரிதா சௌத்ரியும் டென்சல் வாஷிங்டனும் நடித்தார்கள். விட்டுவந்த ஊரை மறக்க முடியாத தந்தை ஒருவர் கதையின் மையத்தில் இருக்கிறார். 1958-இல் யாழ்ப்பாணத்தை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளை இதற்கு இசையமைத்தார் என்பதை அறிந்தவர் அந்தத் தந்தை வரும் காட்சிகளை அதே காதோடு கேட்க முடியாது. இசையளவிலும் இது அவருக்குத் தோதான களம். ஆப்பிரிக்க இசை, ப்ளூஸ், இந்திய மெட்டு மூன்றும் கதையிலேயே இருக்கின்றன. மேடையில் ஃப்யூஷன் என்பது சில சமயம் ‘ஏன் இந்தக் கலப்பு?’ என்ற கேள்விக்கு விடையில்லாமல் நிற்கும். இங்கே காம்பாலாவிலும் மிஸ்ஸிஸிப்பியிலும் வாழ்ந்த ஒரு குடும்பமே அதற்கு விடையாக இருக்கிறது.

இவை தவிர பெர்னார்டோ பெர்டோலூச்சியின் ‘லிட்டில் புத்தா’ (1993), மெர்ச்சன்ட் ஐவரி நிறுவனத்தின் ‘காட்டன் மேரி’ (1999) படங்களில் தனி வயலின் வாசித்தார்.

மதிப்பீடு

சுப்பிரமணியத்தின் மீது இரு திசைகளிலிருந்து விமர்சனம் வருகிறது. கர்நாடக இசையின் வேகம், கணக்கு ஆகிய பகுதிகளையே அவர் மேலைநாட்டவருக்குக் காட்டினார், சவுக்க கால நிதானத்தை அதிகம் காட்டவில்லை என்பது சென்னை ரசிகர்களிடையே கேட்கும் குறை. ஃப்யூஷன் பதிவுகளின் பின்னணி காலத்துக்குக் கட்டுப்பட்டது என்பது ஜாஸ் ரசிகர்களின் குறை. இரண்டாவதில் உண்மை உண்டு. 1980-களின் மின்னணுக் கீபோர்டு ஒலி அந்தக் காலத்துக் குளிர்பான விளம்பரத்தை நினைவூட்டுகிறது. அதன் மேல் மிதக்கும் வயலின் இன்றும் புதிதாக இருப்பதால் பின்னணி இன்னும் பழசாகத் தெரிகிறது.

முதல் குறைக்குப் பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்தோடு அவர் செய்த பதிவுகள் பதில் சொல்லும். மணி ஐயர் எளிதில் யாருக்கும் இசைபவர் அல்லர். அந்தப் பதிவுகளில் வேகம் இருக்கிறது. வேகத்துக்கு நடுவே மிருதங்கம் மௌனமாகும் இடங்களில் வயலினும் காத்திருக்கிறது. ஃப்யூஷன் புகழின் உச்சத்திலும் அவர் மரபான கச்சேரிகளைக் கைவிடவில்லை. அலி அக்பர் கானோடு ஜுகல்பந்தியும் வாசித்தார். ஒன்றில் கால் ஊன்றியிருந்ததால்தான் மற்றொன்றில் கலக்க முடிந்தது. அடித்தளப் பயிற்சி இல்லாமல் நேரே ஃப்யூஷன் குழு தொடங்கும் இளைஞர்கள் கவனிக்கவேண்டிய செய்தி இது.

குடும்பம், விழா, விருதுகள்

பாடகி லட்சுமி சங்கரின் மகள் விஜியை 1976-இல் மணந்தார். விஜி 1995-இல் மறைந்தார். 1999-இல் பின்னணிப் பாடகி கவிதா கிருஷ்ணமூர்த்தியை மணந்து பெங்களூரில் குடியேறினார். பிள்ளைகளில் பிந்து பாடகி, அம்பி வயலின் கலைஞர். 2007-இல் பெங்களூரில் சுப்பிரமணியம் நிகழ்த்துகலை அகாதமி தொடங்கப்பட்டது. இந்திய இசையையும் மேற்கத்திய இசையையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே கற்பிக்கும் பள்ளி அது.

தந்தை லட்சுமிநாராயணா 1990-இல் காலமானார். அவர் நினைவாக 1992 முதல் ‘லட்சுமிநாராயணா உலக இசை விழா’வைச் சுப்பிரமணியம் நடத்திவருகிறார். யெஹூதி மெனுஹின் போன்ற மேதைகளோடு தோளுரசிய மகன், தன் மேடைக்குத் தந்தையின் பெயரை வைத்தார்.

பத்மஸ்ரீ (1988), சங்கீத நாடக அகாதமி விருது (1990), பத்மபூஷண் (2001), பத்மவிபூஷண் (2025) ஆகியவற்றைப் பெற்றிருக்கிறார்.